இரண்டு பொட்டலம்

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்து மடித்தேன்.

பெருமாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளை வந்தால் ஹைதராபாத், சிவப்பு வந்தால் சென்னையிலேயே. எனக்கும் என் பெண் ஸஹானாவுக்கும் அதுதான் பேச்சு. எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு இரண்டு இடத்திலும் கிடைத்துவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும்.

ஹைதராபாத்தில் இருப்பது பெரிய அரசுப் பல்கலைக்கழகம். ஒரு ஊர் மாதிரி விரிந்து கிடக்கிறதாம். இங்கே நாவலூர்ப் பக்கம் இருப்பது சின்னத் தனியார் பல்கலைக்கழகம். வகுப்புக்கு முப்பது பேர்தான். வாத்தியாருக்கு எல்லார் பெயரும் தெரியும். லஸ் கார்னருக்கே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதையும் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் ஹைதராபாத்தில் ஏதோ ஒரு இயந்திரம் இருக்கிறது. மூலக்கூறுக்குள் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுமாம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவள் தட்டில் தோசை ஆறிப்போகும். எனக்கு ஒரு மண்ணும் புரியாது. இருந்தாலும் ஆறியதை நான் எடுத்துக்கொண்டு, அவளுக்குச் சூடாக இன்னொன்று வார்த்துப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மாசி மாதம் நான் குளியலறையில் தலைசுற்றி விழுந்தேன்.

அன்றோடு அந்த இயந்திரத்தின் பேச்சு நின்றுபோனது. "சின்ன எடம்தான்பா நன்னாருக்கும், கூட்டமே இல்ல" என்று ஆரம்பித்தாள். என் மனைவி விஜயலக்ஷ்மி போன பிறகு ஆத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். இனிமேல் குளிக்கும்போது கதவைத் தாழிடக் கூடாது என்று எனக்குச் சட்டம் வேறு போட்டாள்.

என்னை விட்டுப் போக மாட்டாள். அதை வாய் திறந்து சொல்லவும் மாட்டாள். எத்தனை கேட்டாலும் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள். கெஞ்சினேன், கத்தினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். ரசம் சாதத்தைப் பிசைந்து கொண்டுவந்து நீட்டினாள். பசி, சாப்பிட்டுவிட்டேன்.

கடைசியில்தான் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். ஜாதகத்தைக் கண்டாலே சிரிக்கிற பெண், உடனே சரி என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாடவீதியில் பூ விற்கும் தேவானை சொன்னபோதாவது உறைத்திருக்க வேண்டும். "செவப்பு வேற இன்னாத்துக்கு சாமி? பாப்பா இப்பதானே வாங்கிக்கினு போச்சு" என்றாள். அம்மா படத்துக்கு வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நிறத்திலும் வாங்கி வந்தேன். சிவப்பு சும்மா ஒரு பேருக்கு. அதைக் காப்பிப்பொடி டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் பொட்டலம் மடித்தேன்.

மடித்ததைப் பெருமாள் முன்னால் வைத்துவிட்டு, திருமண் இட்டுக்கொள்ளக் குளியலறைக் கண்ணாடிக்குப் போனேன்.

"அப்பா, தாப்பா போட்டுண்டேளா?" கூடத்திலிருந்து குரல் வந்தது.

"இல்லடி, சாத்தித்தான் வெச்சிருக்கேன்."

வந்து விளக்கேற்றினேன். இருவரும் ஸேவித்தோம். நான் ரொம்ப உருக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டேன். நடிப்பு என்று இறங்கிவிட்டால் அரைகுறையாகச் செய்யக் கூடாது.

அவள் இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு, வலது கையால் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மெதுவாகப் பிரித்தாள்.

சிவப்பு.

ஒரு நிமிஷம் பெருமாளையே சந்தேகப்பட்டேன். அப்புறம் மிச்சமிருந்த பொட்டலத்தை நானே எடுத்துப் பிரித்தேன்.

அதிலும் சிவப்பு.

அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். ஏன் மாற்றினாய் என்று நான் எந்த முகத்தோடு கேட்பது? இரண்டிலும் ஏன் வெள்ளை வைத்தீர்கள் என்று அவளாலும் கேட்க முடியவில்லை. இரண்டு திருடர்களும் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் விழுந்தது ஒரு நாள். அதற்காக இந்தப் பெண் வாழ்நாள் ஆசையைத் தூக்கிப் போடுகிறாளே.

"நான் வெச்ச வெள்ளைப் பூ எங்கடி?" என்றேன்.

துப்பட்டாவுக்குள்ளிருந்து இடது கையை எடுத்து, மூடியிருந்த விரல்களைப் பிரித்தாள்.

வெள்ளை அரளி இரண்டும் உள்ளங்கை வேர்வையில் கசங்கிக் கிடந்தன.

"தூக்கிப் போட மனசு வரலப்பா" என்றாள். உடனே அழுதுவிட்டாள்.

நானும்தான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

"கீழாத்து அசோகன்கிட்ட ஒரு சாவி குடுத்து வெக்கறேன். தெனம் கார்த்தால வந்து எட்டிப் பார்க்கட்டும்" என்றேன், மூக்கைச் சிந்திக்கொண்டு. "இப்ப எழுந்து வா. பரண்லேர்ந்து பெட்டிய எறக்கணும். ஸ்டூலப் பிடிச்சுக்கோ."

"நீங்க ஏறப்படாது. நான் ஏறறேன், நீங்க பிடிச்சுக்கோங்கோ."

ஏறினாள். நான் பிடித்துக்கொண்டேன்.