வீரமங்கையின் தாளிப்புக் கரண்டி

புல்தரைக்கு வந்து நின்ற பிறகுதான் கவனித்தாள்.

கையில் தாளிப்புக் கரண்டி.

மற்றவர்கள் மடிக்கணினி, பாஸ்போர்ட் என்று எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தார்கள். ஒருத்தி தலையணையோடு வந்திருந்தாள். இவள் கரண்டியோடு. அதில் கடைசிக் கடுகு ஒன்று அப்போதுதான் வெடித்தது.

நைட்டிமேல் துண்டு கிடந்தது. அது மட்டும் ஒழுங்காக இருந்தது.

விடுதியின் அபாய மணி நிற்கிற வழியாக இல்லை.

காலை ஏழு மணி. இங்கிலாந்துத் தூறல். முந்நூறு பேர் இருமினார்கள். மிளகாய்ப் புகை மூன்று மாடி இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்த் தேவாலயத்துக்குள் நுழைந்து, மணியடிப்பவரைத் தும்ம வைத்ததில் ஏழுக்குப் பதில் எட்டு அடித்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வேலைக்குப் போனார்கள்.

யாரும் புகார் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஊர்.

ஒன்பது மணிக்கு அவள் பேச வேண்டும். இலக்கியத்தில் வீரமங்கையர். மூன்று வாரப் படிப்பின் கடைசி நாள். பேசினால் சான்றிதழ். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சாத்தூர்க் கல்லூரியில் பதினோரு வருஷமாகத் தள்ளிப்போகிற பதவி உயர்வு.

அறையில் சமைப்பவருக்குச் சான்றிதழ் கிடையாது.

விதி ஏழு. கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. அதன்மேல்தான் அவள் தினமும் ஈரத் துண்டைக் காயப்போட்டாள்.

மூன்று வாரத்தில் பதினான்கு புத்தகம். பதினான்கு பெண்கள். ஒருத்தி குதிரைமேல். ஒருத்தி கோட்டை வாசலில். ஒருத்தி அரசன் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னவள். எல்லாரும் நின்றார்கள். ஒருத்திகூட எந்தப் பக்கத்திலும் உட்காரவில்லை. சாப்பிட்டதாகவும் எழுதவில்லை.

இவளுக்கு இடுப்பு வலித்தது.

தினமும் விடியற்காலையில் வீட்டுக்காரர் ஊரிலிருந்து போனில் கூப்பிடுவார். பெருங்காய டப்பா எங்கே. அம்மாவின் பிரஷர் மாத்திரை காலையிலா, ராத்திரியா. இவள் படுத்தபடியே, ஐயாயிரம் மைல் தள்ளி, இரண்டாவது தட்டில் கடலைப்பருப்புக்குப் பின்னால் என்பாள். இருக்கும்.

மூன்று வாரமும் ரொட்டி. பேசப் போகுமுன் ஒரு வாய் தயிர்சாதம் இறங்கினால் தேவலை என்று தோன்றியது. தோன்றியது அவ்வளவுதான், அறையிலேயே தாளிக்க ஆரம்பித்துவிட்டாள்.

படிப்பை நடத்துகிற பேராசிரியர் மொய்ரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கரண்டியைப் பார்த்தார். இது என்ன என்று மரியாதையாகக் கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள்.

வந்தது கதை.

எங்கள் பக்கத்தில் ஒரு ராணி இருந்தாள் என்றாள். கோட்டையில் வாள் தீர்ந்துபோய்விட்டது. மதில்மேல் ஏறி நின்று இந்தக் கரண்டியில் மிளகாய் வறுத்தாள். ஏழாயிரம் குதிரைகள் தும்மின. ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் திரும்பி ஓடின. மீதி நூறும் தும்மிக்கொண்டே அவள் பக்கம் சேர்ந்துகொண்டன. அவளைப் பற்றிப் பேசுகிற நாளில் முதலில் புகை போட வேண்டும். சடங்கு.

தனக்கு இப்படி ஆங்கிலமும் வரும் என்று அவளுக்கே தெரியாது.

மொய்ரா குறிப்பேட்டை எடுத்தார். தூறலில் மை கரையக் கரைய எழுதினார். குதிரைகளின் எண்ணிக்கையை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. அது மிளகாயாகவும் இருக்கலாம்.

சடங்கு என்றால் விதி ஏழில் வராது என்றார். தீயணைப்புக்காரர் தன் படிவத்திலும் அப்படியே எழுதிவிட்டால் போதும்.

தீயணைப்புக்காரர் உள்ளேயிருந்து வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார். கறுத்த முகம். சட்டையில் ஆங்கிலத்தில் தவராசா என்றிருந்தது. மொய்ரா சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். ராணி, மதில், குதிரைகள். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை.

பிறகு அவளிடம் வந்து கரண்டியை வாங்கினார். ஒருமுறை மோந்தார்.

"தயிர்சாதத்துக்குத் தாளிச்சனீங்களோ, அக்கா? செத்தல் மிளகாய் கனக்கப் போட்டிட்டியள்."

யாழ்ப்பாணத் தமிழ். மூன்று வாரத்தில் நேரில் கேட்ட முதல் தமிழ்.

மொய்ரா பக்கத்தில் நின்று தலையாட்டினார். சடங்கு மொழி என்று நினைத்திருக்க வேண்டும்.

தவராசா படிவத்தை மடித்துப் பிடித்தார். காரணம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"இந்த மனுசி சடங்கெண்டு சொல்லுது. எனக்கொண்டுமில்லை. நீங்கள் சொல்லுங்கோ, என்னெண்டு எழுத?"

பேனா காத்திருந்தது.

ஆங்கிலத்தில் சொன்னபோது அவளுக்கு ஒன்றுமே உறுத்தவில்லை. வேறு யாரோ சொன்னது மாதிரி இருந்தது. இப்போது அதே ராணியைத் தமிழில் கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை.

பதினோரு வருஷம்.

நைட்டிப் பையில் செல்பேசி அதிர்ந்தது. வீட்டுக்காரர். எதையாவது காணவில்லை போலும். அவள் எடுக்கவில்லை.

ஈரப் புல்லில் மெல்ல உட்கார்ந்தாள். கால் இரண்டையும் நீட்டிக்கொண்டாள்.

"உள்ளதை எழுதுங்க தம்பி. ஆனா மிளகாய் மூணுதான்னும் சேர்த்து எழுதிருங்க. கனக்கன்னு எழுதக் கூடாது."

அவர் கரண்டிக்குள் குனிந்து எண்ணினார்.