ஐந்தாவது நேர்காணல்

வலது கை தானாக மேலே போய்விட்டது. இடது கை விரல் உதட்டில்.

எதிரே மூன்று அதிகாரிகள். மூவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இது சரணாலயம் இல்லை. நேர்காணல்.

பறவைகள் சரணாலயத்தில் பன்னிரண்டு வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள். அங்கே அவள் வைத்தது ஒரே ஒரு சட்டம். பறவை குரல் கொடுத்தால் மனிதர்கள் பேச்சை நிறுத்த வேண்டும். அவள் கை உயர்ந்தால் அறுபது பிள்ளைகளும் கப்சிப். கூட வந்த தலைமையாசிரியரும் கப்சிப்.

இங்கே பேசிக்கொண்டிருந்தவர் தேர்வுக் குழுத் தலைவர். பாதிக் கேள்வியில் அவரை அடக்கிவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

டுக். டுக். டுக்.

குக்குறுவானின் குரல். அப்படியொன்றும் அரிய பறவை கிடையாது. தெருவுக்கு ஒன்று இருக்கும். இதற்குப் போய்க் கையைத் தூக்கினாயே பாவி என்று தன்னையே வைதுகொண்டாள்.

கையை இறக்கினாள்.

"மன்னிச்சிருங்க சார். பழக்கதோஷம்."

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார். அவள் உள்ளே வந்ததிலிருந்து கோப்பிலிருந்து தலையெடுக்காத மூன்றாமவர் இப்போது எடுத்தார்.

"சரிம்மா. நீங்க போகலாம்."

அவ்வளவுதான்.

வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்த உதவியாளர் பதிவேட்டைத் தள்ளினார்.

"இசக்கியம்மாள் நீங்கதானே? கையெழுத்துப் போடுங்க. என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிட்டுண்ணே."

படி இறங்கும்போது முழங்கால் வலித்தது.

முதல் முறை விலங்கியல் படித்திருக்க வேண்டும் என்றார்கள். தபாலில் படித்தாள். இரண்டாம் முறை கணினிச் சான்றிதழ் கேட்டார்கள். அதையும் வாங்கினாள். மூன்றாம் முறை வேறொருவனை எடுத்தார்கள். அவனுக்கு நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு மாதம் கூடவே நடந்து அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். சொல்லி முடிப்பதற்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நான்காம் முறை காரணமே சொல்லவில்லை.

பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். ஒரு மாதம் வீட்டில் இருப்பாள். மறுபடி கூப்பிடுவார்கள். மறுபடி போவாள். விடாமுயற்சி என்று ஊரில் மெச்சுகிறார்கள். போக்கிடம் இல்லாததற்கும் அதே பெயர்தான் போலிருக்கிறது.

இருப்பது ஒரே ஒரு நிரந்தர வேலை. இயற்கைக் கல்வி அலுவலர். அந்த ஒன்றுக்குத்தான் இத்தனை நடை.

ஆறாவது முறை கிடையாது. வருகிற ஆடியோடு வயது வரம்பு முடிகிறது.

முற்றத்தில் வெயில். காலையில் இஸ்திரி போட்ட சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அலுப்பாக மட்டும் இருந்தது. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

டுக். டுக். டுக்.

சனியன், இன்னும் நிறுத்தவில்லை.

பார்க்கக் கூடாது என்றுதான் நடந்தாள். கழுத்து கேட்டால்தானே. அரசமர உச்சியில், இலை உதிர்ந்த கிளை ஒன்றில் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைப் பறவை. நெஞ்சில் ஒரு சிவப்பு.

மேலே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

முதல் மாடியில் மூன்று தலைகள். அடுத்த ஆளை இன்னும் கூப்பிடவில்லை போலும்.

தலைவர் பக்கத்து வேப்பமரத்தில் தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, அடர்த்தியான இலைகளுக்குள் பார்த்தார். புதிதாக வரும் பிள்ளைகளும் இலைக்குள்தான் தேடுவார்கள். மொட்டைக் கிளையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாமவர் கீழே நிற்கும் அவளைக் கண்டுவிட்டார். கூப்பிடவில்லை. எங்கே என்பதுபோல் கையை மட்டும் விரித்தார்.

அவள் மணியைப் பார்த்தாள். ரயிலுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. இனிதான் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

சான்றிதழ்ப் பையைத் தரையில் வைத்தாள்.

மேலே என்று கை காட்டினாள். இன்னும் மேலே. வலப்பக்கம். அதுக்கும் மேலே.

தலைவரின் முகம் நிமிர்ந்தது. அப்படியே நின்றது. பிறகு மூன்றாமவர் முகம்.

அந்த அம்மாளுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

அவள் காத்திருந்தாள்.