வீட்டுக்கு இரண்டு ஓட்டு

"மாத்திப் போட்டுடாதீங்க பெரெண்ட் மாமா. அத்தைக்குத் தெரிஞ்சா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க," என்று சிரித்தபடி ரூலீன் இரண்டு வாக்குச்சீட்டுகளை நீட்டினாள்.

பக்கத்து வீட்டுப் பெண். இன்று ஒரு நாளைக்கு இந்தப் பள்ளிக்கூட ஜிம்மில் அவள்தான் தேர்தல் அதிகாரி.

ஒரு சீட்டு பெரெண்டுடையது. இன்னொன்று அவர் மனைவி யான்டீனாவுடையது. அவள் முதியோர் இல்லத்தில் கட்டிலோடு கிடக்கிறாள். தனக்காக இவரே போடட்டும் என்று வாக்காளர் அட்டையின் பின்பக்கம் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தாள். இந்த நாட்டில் அப்படிக் கொடுத்தால் ஓட்டு செல்லும்.

தடுப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தார். மேஜை விரிப்பு அளவுக்கு இருந்தது. பாதிக் கட்சிகள் அவர் கேள்விப்படாதவை. போன தடவை கொடிகட்டிப் பறந்த ஒன்று இந்தத் தடவை ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. அவருடைய கட்சிகூட இன்னொன்றோடு சேர்ந்துகொண்டு, ஒரே மூச்சில் சொல்ல முடியாத பெயரோடு நின்றது.

முன்பெல்லாம் இவ்வளவு தேட வேண்டியதில்லை. யார் எந்தக் கட்சி என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடும். அட்டை ஆலையில் வேலை பார்த்த பெரெண்ட் பரம்பரைச் சிவப்பு. யான்டீனா பண்ணைக்காரர் மகள், ஞாயிறு தவறாமல் சர்ச். அவளுக்குச் சர்ச் கட்சி. "போயும் போயும் ஒரு சிவப்பனுக்கா பெண்ணைக் கொடுத்தேன்" என்று அவள் அப்பா கடைசிவரை புலம்பிக்கொண்டுதான் இருந்தார்.

கல்யாணமான அடுத்த வருஷமே தேர்தல் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே சைக்கிளில் போனார்கள். அவர் ஒரு பக்கம் போட்டார், அவள் இன்னொரு பக்கம் போட்டாள். வெளியே வந்ததும் அவள் வாயை ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்தாள்.

"உன் ஓட்டை நான் அடிச்சாச்சு, செங்கொடியாரே. வா, காபி குடிக்கலாம்."

"அப்போ ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்திருக்கலாமேடி!"

"நான் இருப்பேன். நீதான் நைசா போய்ப் போட்டுட்டு வந்துடுவியே."

அதன்பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் அதே பேச்சுதான். மழையோ பனியோ, அந்த ஒரு காபிக்காகவே போனார்கள். அரசாங்கம் கவிழ்ந்துவிட்டது என்று ரேடியோ சொன்னால் ஊரே சலித்துக்கொள்ளும். இவர்கள் சைக்கிளுக்குக் காற்றடிப்பார்கள்.

இன்று காலை அந்த வாக்காளர் அட்டையை வாங்கப் போனபோது யான்டீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரோஜாவுக்குத்தானே போடப்போறே? எனக்கும் அதுலயே போட்டுடு."

ரோஜா அவர் கட்சிச் சின்னம்.

"நீ சர்ச் கட்சிடி, யான்டீனா."

"நானா? நான் என்னைக்கு அவங்களுக்குப் போட்டேன்? என் மனசு எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு முகமே சிவந்துவிட்டது. மகள் பெயர் போன குளிர்காலத்தில் அவள் ஞாபகத்திலிருந்து போனது. வீட்டு முகவரி வசந்தத்தில் போனது. இப்போது இதுவும் போய்விட்டது.

ஆயுசு முழுக்க அவளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தவர்தான் பெரெண்ட். இன்று வந்துவிட்டாள். அவருக்கோ ஜெயித்த மாதிரியே இல்லை.

தடுப்புக்குள் நின்று யோசித்தார். அவள் வழக்கமாகப் போடும் இடத்தில் போட்டால் அது மோசடி. வாய் திறந்து சொல்லியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் ஓட்டில் கை வைத்தவரில்லை. சொன்னபடி போட்டாலோ, இந்த வீட்டின் இரண்டு ஓட்டும் ஒரே பக்கம் போய்விடும். தன் ஓட்டை அடிக்கிற அந்தப் பெண் எங்குமே இல்லாமல் போய்விடுவாள்.

நூலில் கட்டித் தொங்கிய சிவப்புப் பென்சிலை எடுத்தார். "எங்க கட்சிக்கும் உங்க கலர்லதான் போடணுமா?" என்று ஒவ்வொரு தடவையும் இந்தப் பென்சிலோடு அவளுக்குச் சண்டை.

அவளுடைய சீட்டில், அவள் சொன்னபடியே, ரோஜாக் கட்சியின் பட்டியலில் ஒரு வட்டத்தை நிரப்பினார்.

பிறகு தன்னுடையதை விரித்தார். பென்சில் அந்தரத்திலேயே நின்றது. என்ன ஆயிற்றோ என்று ரூலீன் எழுந்தே நின்றுவிட்டாள். கடைசியில் அவர் வட்டத்தை நிரப்பி, மடித்து, இரண்டையும் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வெளியேறினார்.

வழியில் ஆப்பிள் கேக் வாங்கிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனார். தலையணையில் சாய்ந்திருந்த யான்டீனா கேக்கைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"போட்டியா?"

"போட்டேன். உன்னோடது ரோஜாவுக்கு."

"உன்னோடது?"

பெரெண்ட் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அட்டை ஆலைச் சகாக்கள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருந்தாலும் குரல் தானாகத் தாழ்ந்தது.

"சர்ச்சுக்கு."

யான்டீனா கரண்டியைக் கீழே வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மெல்ல, அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"எனக்கு அப்பவே தெரியும், சர்ச்சுக்காரரே. பரவாயில்ல, உன் ஓட்டை நான் அடிச்சாச்சு. வா, காபி குடிக்கலாம்."

பெரெண்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்துபோய் இரண்டு கோப்பை காபி எடுத்துவந்தார்.