வுட் யூ மைண்ட்

மரவள்ளிக் கொல்லையில் பிரேமாவதி குனிந்து கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

கொல்லை ஓரத்தில் நின்ற அய்யாவுக்கு வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை.

வரவும் கூடாது. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் இங்கிலீஷ் பேசினால் கன்னத்தில் அறை. ஆபீஸ் வாசலில் வாய் தவறி ‘குட் மார்னிங்’ சொன்ன, கணக்கெழுதும் கிராணி ராமையாவுக்கு இன்னும் வீக்கம் வடியவில்லை.

அந்த வீங்கிய கன்னத்தோடுதான் ராமையா, ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் வைத்துக் கூட்டாளி அய்யாவுக்கு வழி சொன்னான்.

“‘வில் யூ’ன்னா கொஞ்சம் மரியாத. கூட ‘ப்ளீஸ்’ போட்டா இன்னும் மரியாத. ‘வுட் யூ மைண்ட்’ன்னு கேட்டுப் பாரு, தொரைசானியே எறங்கி வரும்லா.”

அய்யாவு எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டான்.

தமிழில் கேட்கலாம்தான். ஆனால் ஜப்பான் சண்டைக்கு முன்பு தோட்டத்து லோரி ஓட்டியவன். இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தடித்துப்போன தொண்டை. ‘தண்ணி இருக்கா’ என்று கேட்டாலே வம்புக்கு வந்ததுபோல இருக்கும்.

அவளோ கான்வென்டில் படித்தவள். டவுனில் அப்பாவின் துணிக்கடை மூடிய பிறகு தோட்டத்துக்கு வந்தவள். தேவைக்கு மேல் அவனிடம் ஒரு சொல் பேசியதில்லை.

மண் சாலையில் இரண்டு சிப்பாய்கள் சைக்கிளில் போனார்கள். அய்யாவு இடுப்பை வளைத்து வணங்கினான். அவர்கள் வளைவில் மறைந்ததும் கொல்லைக்குள் இறங்கினான்.

“வுட் யூ மைண்ட்…” மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். “வுட் யூ மைண்ட் மேரியிங் மீ, ப்ளீஸ்.”

அவள் நிமிர்ந்தாள். முதலில் சாலையைப் பார்த்தாள். பிறகு அவனை.

“நோ” என்றாள்.

அய்யாவுக்கு முகம் செத்துப்போயிற்று. ராமையா கேள்வியைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். பதிலைப் பற்றி மூச்சுவிடவில்லை. தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தான்.

“எங்க போறீங்க? ஆட்சேபன உண்டான்னுதானே கேட்டீங்க? இல்லன்னேன்.”

அவன் திரும்பிய வேகத்தில் கிழங்குக் குழியில் கால் மடங்கி, உட்கார்ந்தே போனான். பிரேமாவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை.

கூடையின் ஒரு காதை அவள் பிடித்தாள், மறு காதை அவன். கூலி வீடுகள் வரிசையாய் நின்ற லயத்துக்கு நடந்தார்கள், ஒரே வீட்டுக்கு.

சிப்பாய்கள் கண்ணில் வயசுப் பெண் படக்கூடாதென்று, பெரியவர்கள் பேசிய மறுநாளே அய்யாவு கையால் அவளுக்குத் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டவைத்திருந்தார்கள். மாசங்கள் ஓடிவிட்டன.

“சம்மதமான்னு என்னைய யாரு ஒரு வார்த்த கேட்டா, அக்கா?” என்று நேற்று பக்கத்து வீட்டு மாரியம்மாவிடம் அவள் சொன்னதை, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று புருஷன் கேட்டுக்கொண்டிருந்தான்.