டைனோசரின் தொண்டையில் கொற்றி

மூன்று வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அஞ்சுகம், நண்பர்களோடு மேசையில் ஆடும் கதை விளையாட்டில் கொற்றி என்ற வாள்வீராங்கனையாக வாழ்ந்துவந்தாள். கதையை நடத்துகிறவன் ரூபன். மேசையைச் சுற்றியிருந்த மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரர். யார் பிழைப்பார்கள் என்று சொல்வது இருபது முகப் பகடை.

அன்று கோட்டைவாசலில் ஒரு டைனோசர் பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினான் ரூபன். மற்றவர்கள் கோட்டைக்குள் ஓடட்டும் என்று கொற்றி மட்டும் அதன் எதிரே நின்றாள். பகடையில் ஒன்று விழுந்தது. டைனோசர் அவளை அப்படியே விழுங்கிவிட்டது.

"அவ்ளோதான் அஞ்சு, கொற்றி முடிஞ்சா. வேற ஆளை எழுதிக்கோ." ரூபன் வெற்றுத்தாள் ஒன்றை நீட்டினான்.

அவள் அதைத் தொடவில்லை. "முழுங்குச்சுன்னுதானே சொன்னே? மென்னுச்சுன்னு சொல்லலையே?"

"உள்ள மூச்சு விட முடியாதுப்பா."

"எவ்ளோ நேரம் அடக்கலாம்?"

ரூபன் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். "மூணு தடவை உருட்டலாம், ஒரு தடவையாவது பதினஞ்சைத் தாண்டணும். ஆனா வாள் வெளிய விழுந்துருச்சு."

"கை இருக்குல்ல? தொண்டையைப் பிடிச்சு மேல ஏறுறேன்."

முதல் முறை உருட்டினாள். நான்கு. வழுக்கியது. இரண்டாம் முறை ஏழு. இன்னும் கீழே போனாள். பாவம் பார்த்து யாராவது வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது முறைக்குப் பகடையை எடுத்துவிட்டாள்.

"இரு," என்றான் மற்ற மூவரில் ஒருவனான தாவீது. கோட்டைக்குள் பத்திரமாக இருந்த தன் வீரனின் பொம்மையை எடுத்து, டைனோசரின் வாய்க்கு நேரே கொண்டுவந்து வைத்தான். "நான் திரும்பி வந்துட்டேன். கையை உள்ள விட்டிருக்கேன். ஏறி வா."

அஞ்சுகம் உருட்டினாள்.