கூடாரத்துச் சிப்பாய்

ராணுவ வரலாற்றுத் துறையிலிருந்து வந்த ஆய்வாளர் ஜெயசீலி, மாசிலாமணியின் வீட்டுக் கூடத்து மேசைமேல் ஒரு சிறிய செயற்கை நுண்ணறிவுப் பெட்டியை வைத்தாள். அவர் இளம் சிப்பாயாகப் போர்முனையில் எழுதிய நாட்குறிப்பு இப்போது அதற்குள்ளிருந்து பேசும். எழுதிய வயதின் குரலிலேயே பேசும். நாட்குறிப்பைத் துறைக்குக் கொடுத்தவர் அவர்தான். அதில் என்ன எழுதினோம் என்பதைத்தான் மறந்துவிட்டார்.

"கணவாய்ச் சண்டை அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஜெயசீலி பெட்டியைக் கேட்டாள்.

மாசிலாமணி மீசையை நீவிக்கொண்டார். அன்று இயந்திரத் துப்பாக்கியோடு அவர் முன்னால் ஓடிய கதையைக் கேட்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

"வயித்துப்போக்கு மேடம். கூடாரத்துலயே சுருண்டு கெடந்தேன்," என்றது பெட்டி.

மனைவி குமுதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெஷின்ல ஏதோ கோளாறும்மா, அணைச்சுடுங்க," என்றார் மாசிலாமணி.

குமுதவல்லியோ பெட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "பாவம். அப்புறம் என்னப்பா பண்ணே?"

"குண்டுச் சத்தம் கேட்டு அழுதேங்க. உயிரோட ஊர் திரும்புனா, எவ்ளோ பயந்தேன்னு குமுதாகிட்ட மட்டும் சொல்லிடணும்னு நெனச்சேன்."

அவளுடைய சிரிப்பு நின்றது. கணவர் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

பெட்டி மறுபடி வாயைத் திறப்பதற்குள் மாசிலாமணி முந்திக்கொண்டார். "பயமாத்தான் இருந்துச்சு குமுதா. இன்னும் போகல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் தீபாவளி அன்னிக்கெல்லாம் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு மணிக்கணக்கா குளிக்கிறீங்களா?"