மூன்று பட்டறைகள்

கிட்டார் கம்பெனி முதலாளியைப் பேட்டி எடுக்க நிருபர் வந்திருந்தார்.

"ஒரு பட்டறையில ஆரம்பிச்சு இன்னிக்கு மூணு. இந்த வளர்ச்சிக்கு என்ன சார் காரணம்?"

"என் பழக்கம் ஒண்ணுதான். எந்தக் கிட்டாரையும் நானே ஒரு மணி நேரம் வாசிச்சுப் பார்க்காம வெளிய அனுப்ப மாட்டேன்."

"ரெண்டாவது பட்டறை யார் ஆரம்பிச்சது?"

"என் தம்பி. நாலு தெரு தள்ளி."

"மூணாவது?"

"என் சம்சாரம். ஊருக்கு வெளிய, பஸ்கூடப் போகாத இடத்துல."

"குடும்பமே தொழில்மேல உயிரா இருக்கீங்க. எனக்காக ஒரு பாட்டு வாசிங்களேன்."

முதலாளி ஆசையாகக் கிட்டாரை எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

இரண்டாவது நிமிடத்தில் நிருபர் காதைச் சொறிவதுபோல் பொத்திக்கொண்டு, நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்தினார்.

"தம்பியும் மொதல்ல நாற்காலியைத்தான் சார் நகர்த்தினான்," என்றார் முதலாளி, வாசிப்பை நிறுத்தாமல். "அப்புறம்தான் ரெண்டாவது பட்டறை."